கப்பலுக்கு என்ன கலர்?

ஒரு கப்பலுக்கு என்ன பெயின்ற் அடிப்பது என்று நாலு பேர் ஒரு செமஸ்டர் முழுக்கச் சண்டை பிடித்தோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கட பட்ச் பொடியள் சிரித்தார்கள். "போர்க்கப்பல் எண்டா சாம்பல்தானே? கடையில சாம்பல் எண்டு கேட்டாத் தருவினம்" என்றார்கள். போய்க் கேட்டோம். ஹார்ட்வெயார் கடை ஐயா கலர் அட்டையை விரித்து வைத்தார். சாம்பல் என்று சொல்லக்கூடியது மட்டும் பதினொரு கட்டம் இருந்தது. "மதிலுக்கா தம்பி, கேற்றுக்கா?" என்று கேட்டார். கப்பலுக்கு என்றோம். "பைபர் வள்ளத்துக்கு இது பிடிக்காதே" என்றார். 26 சென்ரிமீற்றர் நீளமான கப்பல் என்று விளக்கிய பிறகு அட்டையை மடித்து வைத்துவிட்டு, பின்னால் நின்றவருக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மிஸ். எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். மட்டக்களப்புக்காரருக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கட்டத் தொடங்கும்போதே விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் இதுதான். 1919-ல் கடலில் இறக்கினார்கள். ஆனால் வேலை முடிந்து சேவைக்கு வர 1924 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பான் தன்னுடைய ஹோஷோவை முடித்துவிட்டது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, ஹெர்மிஸ் முதல் நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே ஓடியது. கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் வந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஒரு ஜப்பானிய விமானம் கண்டுவிட்டது. விமானந்தாங்கி என்று பெயர்தான். தன்னைக் காக்க ஒரு விமானத்தைக்கூடப் பறக்கவிட முடியாத நிலையில் அது இருந்தது. காலை பத்தரைக்குப் பிறகு குண்டுவீச்சுத் தொடங்கியது. அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் தாண்டது. இன்றைக்கும் ஹெர்மிஸ் அங்கேதான், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. ஆழச் சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

எங்களுக்கு அது பெட்டியில் வந்தது. எங்களில் ஒருத்தனின் மாமா வெளிநாட்டில் இருந்து வரும்போது, "உங்கட ஊர்க் கப்பல்தானே" என்று கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்ரிக் மொடல். 1:700 அளவு. உண்மைக் கப்பல் கிட்டத்தட்ட 183 மீற்றர். 700-ஆல் பிரித்தால் 26 சென்ரிமீற்றர். பெட்டியைப் பார்த்ததும் முதலில் கவனித்தது, அதைச் செய்தது ஒரு ஜப்பானியக் கொம்பனி என்பதைத்தான். 1971-ல் ஷிசுவோகா நகரத்து மொடல் கொம்பனிகள் சேர்ந்து, போர்க்கப்பல்களை நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியோடு மட்டும் செய்யும் ஒரு வரிசையைத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் தாட்டவர்களுடைய கப்பல்களும் இருக்கின்றன, தாண்டவர்களுடைய கப்பல்களும் இருக்கின்றன.

ஒட்டுகிற வேலை இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது. சண்டை அதற்குப் பிறகுதான்.

பெட்டிக்குள் வரும் தாளில் எந்த இடத்துக்கு எந்தப் பெயின்ற் என்று நம்பர் போட்டிருக்கும். அந்த நம்பர் ஒரு பெயின்ற் கொம்பனியின் போத்தல் நம்பர். கப்பலின் உண்மையான நிறத்துக்குக் கிட்ட வரக்கூடிய போத்தல் எது என்று யாரோ ஒருவர் முடிவு செய்து போட்டது. அவர் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்று தாளில் இருக்காது. வரலாறு படிக்கிற பிள்ளையள் நாலு பேரிடம் மூலம் இல்லாத ஒரு தகவலைக் கொடுத்தால் என்ன நடக்கும்? எங்கட விரிவுரையாளர்கள் முதலாம் ஆண்டில் இருந்து படிப்பித்தது இதைத்தான்: யார் சொன்னது, எப்ப சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும். அதைக் கொண்டுபோய் பெயின்ற் போத்தலில் வைத்தோம்.

முதலில் போட்டோக்கள். ஹெர்மிஸ் தாழும்போது ஜப்பானிய விமானத்தில் இருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. பலர் பார்த்திருப்பீர்கள். கப்பல் ஒரு பக்கம் சரிந்திருக்கும், புகை எழும்பும். எல்லாம் கறுப்பு வெள்ளை. "கறுப்பு வெள்ளைப் படத்திலும் சாம்பல் சாம்பலாத்தானே தெரியும்" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். சரி மாதிரித்தான் இருந்தது. பரிசோதித்துப் பார்த்தோம். ஒரு சிவப்புத் துவாய், ஒரு வாழையிலைத் துண்டு, ஒரு நீல சேர்ட் மூன்றையும் கொடியில் போட்டு போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். துவாயும் வாழையிலையும் ஒரே சாம்பல். எது எது என்று தெரியாத ஒருவருக்குக் காட்டினால் சொல்லவே முடியாது. பழைய பிலிமின் கதை இன்னும் சிக்கல். ஒருவகைப் பிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். எல்லா நிறத்தையும் உணரும் பிலிமும் அப்போது இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் மஞ்சள், சிவப்பு வடிகண்ணாடி போட்டு எடுத்தால் கணக்கு மறுபடியும் மாறும். ஆகவே படம் சொல்வது ஒன்றுதான்: இந்த இடம் அந்த இடத்தைவிட வெளிச்சம், அது இதைவிட இருட்டு. அதுவும் புகைக்கும் வெயிலுக்கும் நடுவில், குண்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எடுத்த படத்தில்.

அடுத்தது காகிதம். பிரித்தானியக் கடற்படையின் சாம்பல்களுக்கு நம்பர் இருந்தது. 507ஏ கடும் சாம்பல், 507சீ வெளிர் சாம்பல். இரண்டிலும் கொஞ்சம் நீலம் ஓடும். 507சீ மத்தியதரைக் கடல் போன்ற வெயில் கூடிய இடங்களில் நின்ற கப்பல்களுக்குப் போனது. நடுவில் 507பீ என்று ஒன்று. பல வருடங்களாக மொடல் செய்கிறவர்கள், ஏ கடுமை, சீ வெளிர் என்றால் பீ இடைப்பட்டதாகத்தானே இருக்கும் என்று ஒரு நடுச் சாம்பலை அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்மைய வருடங்களில் பழைய ஆவணங்களைத் துருவியவர்கள், ஏயும் பீயும் நிறத்தில் ஒன்றேதான், பெயின்றின் வகை மட்டும்தான் வேறு என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது இல்லாத ஒரு நிறத்தை உலகம் முழுக்க எத்தனையோ மேசைகளில் ஆட்கள் கவனமாகக் கலந்து அடித்திருக்கிறார்கள். எங்களுக்கு இதை வாசித்தபோது பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஏ, பீ, சீ என்று மூன்று எழுத்தைக் கண்டால் மூளை தானாகவே ஒரு ஏணி கட்டிவிடுகிறது.

அந்தக் காலத்து மாதிரி அட்டைகளைப் பார்த்தால் போதாதா? போதாது. எண்ணெயில் குழைத்த பெயின்ற் இருட்டில் வைக்க வைக்க மஞ்சள் பிடிக்கும். கோப்புக்குள் மூடி எண்பது வருடம் வைத்த வெளிர் நீலச் சாம்பல், திறக்கும்போது பச்சைச் சாம்பலாக இருக்கும். பத்திரமாக வைத்திருந்ததே அதன் நிறத்தை மாற்றிவிடும். கடலிலும் அப்படித்தான். உப்பும் வெயிலும் ஒரு பக்கம் வெளிறவைக்கும், துரு இன்னொரு பக்கம் ஒழுகும். கப்பலில் வேலை செய்தவர்களே கயிற்றில் தொங்கிக்கொண்டு மறுபடி அடிப்பார்கள். கையில் இருந்த பெயின்றைத்தான் அடிப்பார்கள். ஹெர்மிஸ் 1940-ல் ஒரு துணைக்கப்பலோடு மோதி, தென்னாபிரிக்காவில் திருத்த வேலைக்குக் கிடந்தது. பிறகு இந்து சமுத்திரம் முழுக்க அலைந்தது. அந்த இரண்டு வருடத்தில் அதன் மேல் எத்தனை பூச்சு ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குள் எங்களுக்குச் சரியான போத்தலும் கிடைக்கவில்லை. மொடல் பெயின்றில் நல்ல வகைகள் தீப்பற்றக் கூடியவை. விமானத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள். ஆகவே டவுனில் புத்தகக் கடையில் வெள்ளை, கறுப்பு, நீலம் என்று மூன்று அக்ரிலிக் டியூப் வாங்கி நாங்களே கலந்தோம். வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்தால் செத்த சாம்பல் ஒன்று வரும், சீமெந்து மாதிரி. அதில் நீலம் ஊசிமுனை அளவு சேர்த்ததும் கடல் வந்துவிடுகிறது. கொஞ்சம் கூடினால் பள்ளிக்கூடத்துப் பின்கதவு. ஒவ்வொரு கலவையையும் பழைய டைம்டேபிள் அட்டையில் பூசி, பக்கத்தில் அளவு எழுதினோம். ராத்திரி எல்ஈடி பல்ப்பில் சரியாக இருந்த ஒன்று, காலையில் வெளியே கொண்டுபோனால் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கடுமையாகும் என்பதால், ஈரத்தில் சரி என்று பட்டது காய்ந்ததும் வேறாகிவிடும். காயும்வரை பொறுத்து, பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பார்ப்பது என்று விதி போட்டுக்கொண்டோம். இதை யாராவது மொடல் செய்ய நினைத்தால் குறித்து வையுங்கள். காசு செலவில்லாத புத்தி.

இன்னொரு சிக்கல் தூரம். மொடலை ஒரு மீற்றர் தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மைக் கப்பலை 700 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரக் காற்றுக்குள்ளால் பார்க்கும்போது எந்த நிறமும் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் நீலித்துத்தான் தெரியும். அதனால் அசல் பெயின்றையே கொண்டுவந்து சின்ன மொடலில் அடித்தால் கனத்துப்போய், கறுப்பாகத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. வேண்டாம், உண்மை நிறம்தான் உண்மை என்று இன்னொரு கூட்டம். ஒரு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் இதைப் பார்ப்பதற்காகவே போய் இருந்தோம். கரையில் ஏற்றியிருந்த வள்ளம் பளீர் நீலம். அதே நீலம் பூசிய இன்னொன்று வெகு தூரத்தில் போனது, அது சாம்பல். அதை ஓட்டிக்கொண்டு போனவருக்கு அது நீலம்தான். கரையில் இருந்த எங்களுக்குச் சாம்பல்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

வெள்ளை கலப்பதா இல்லையா என்று அன்றைக்கு வரும் வழியெல்லாம் கதைத்தோம். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அங்கேதான் பிடிபட்டது. போர்க்கப்பலின் சாம்பலுக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தாலும் அது எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். அதற்காக எவ்வளவோ செய்திருக்கிறார்கள். 1940-ல் மவுண்ட்பேட்டன், ஒரு பயணிகள் கப்பலின் ஊதாச் சாம்பல் நிறம் மம்மல் பொழுதில் மற்றக் கப்பல்களுக்கு முன்பே கண்ணுக்கு மறைவதைக் கண்டு, தன் கப்பல்களுக்கு ஒரு ரோஸ் கலந்த சாம்பலை அடிப்பித்தார். அவர் பெயராலேயே அந்த நிறத்தை இன்றும் சொல்கிறார்கள். அதே மவுண்ட்பேட்டன்தான் 1944-ல் தன் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் இருந்தவர். பேராதனை கம்பஸ் நண்பர்கள் அடுத்தமுறை பூங்காவுக்குப் போனால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கண்டவருக்கு நிறம் பிடிபடக்கூடாது என்பதற்காகவே பூசிய பெயின்ற். அதன் சரியான நிறம் என்ன என்று எண்பது வருடம் கழித்து நாங்கள் சாட்சி தேடுகிறோம்.

சாட்சி இருந்தா. எங்களில் மட்டக்களப்பு நண்பனின் அம்மம்மா. கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவ. 1942-ல் எட்டு வயது. இப்போது கண் மங்கல், காது கொஞ்சம் கேட்கும், ஆனால் கதை தெளிவு. ஒரு சனிக்கிழமை போய் இருந்தோம். தேத்தண்ணி தந்துவிட்டு, என்ன படிக்கிறயள், எந்த ஊர், கலியாணம் எப்ப என்று வழக்கமான விசாரணை எல்லாம் முடிந்த பிறகு கேட்டோம். அம்மம்மா சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினோம். "இடியெண்டுதான் மனே நினைச்சம். மழையுமில்ல, முகிலுமில்ல, இடி இடிக்கிது. அப்பா கரையில நிண்டவர் ஓடி வந்து எங்களப் பத்தைக்குள்ள இருத்தினவர். பொறகு சத்தம் நிண்டு போச்சி. புகை மட்டும் நிண்டிச்சி. நாங்க மெல்ல எழும்பிப் போய்ப் பார்த்தம். கப்பல் நிண்டிச்சி."

"என்ன கலர் அம்மம்மா?"

"வெள்ள. வெள்ளக் கப்பல்."

நண்பன் மெல்ல, "சாம்பலா இருக்குமோ அம்மம்மா? தூரத்தில வெயிலுக்கு வெள்ளையாத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டான். அம்மம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாம்பல் என்னத்துக்கு? எனக்குச் சாம்பலும் வெள்ளையும் தெரியாதா? என்ட கண்ணால கண்டன்."

கொப்பியில் 'வெள்ளை' என்று எழுதி, அம்மம்மாவின் வயது, நின்ற இடம், நேரம் எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்தோம். நேரம் முக்கியம் என்று அப்போதே பட்டது. அவ பார்த்தது சத்தம் நின்ற பிறகு. ஹெர்மிஸ் தாண்ட பிறகு. தாண்டு போன கப்பலை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

விடை ஹெர்மிஸ் பற்றிய பதிவுகளிலேயே இருந்தது. கப்பலைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்ததால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்ற பந்திகளுக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதுதான் கடலில் மிதந்தவர்களில் சுமார் 600 பேரைத் தூக்கியது. மருத்துவக் கப்பலுக்கு நிறம் கப்டனின் விருப்பம் இல்லை. 1907-ன் ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது: இராணுவ மருத்துவக் கப்பல் என்றால் வெளிப்புறம் வெள்ளை, சுற்றிவர ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டி, தேசியக் கொடியோடு செஞ்சிலுவைக் கொடியும்.

நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அம்மம்மா கண்டது வீற்றாவைத்தான் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நேரமும் சரி, நிறமும் சரி, புகைக்குப் பிறகு நின்ற கப்பல் என்பதும் சரி. ஒளிய வேண்டும் என்று சாம்பல் பூசிய கப்பல் யாருடைய நினைவிலும் நிற்கவில்லை. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டு வெள்ளை பூசிய கப்பல், ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணில் எண்பது வருடம் நின்றிருக்கிறது. பெயின்ற் இரண்டும் தங்கட வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன.

எங்களில் ஒருத்தி வன்னி. இந்தக் கப்பல் வேலையில் அவள்தான் கை சுத்தம், மெல்லிய பிறஸ் அவளுடைய பொறுப்பு. ஆனால் நிறச் சண்டைகளில் அதிகம் கதைக்கமாட்டாள். வீற்றாவைப் பற்றி வாசித்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்தப் பிளேன்காரனுக்கு மேலேயிருந்து அது ஆஸ்பத்திரிக் கப்பல் எண்டு தெரிஞ்சிருக்கு, என?"

தெரிந்திருக்கிறது. வீற்றா தாக்கப்படவில்லை. மிதந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. இதனால் அந்தப் படை நல்ல படை என்று சொல்ல வரவில்லை. அதே யுத்தத்தில், வேறு இடங்களில், பல தரப்பும் மருத்துவக் கப்பல்களைத் தாட்டிருக்கின்றன. ஆனால் அன்றைக்கு, அந்தக் கடலில், வெள்ளைப் பெயின்ற் வேலை செய்தது.

2009-ல் வன்னியில் ஆஸ்பத்திரிகள் எங்கே இருந்தன என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, அவை இருந்த இடம் அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் வன்னியின் எல்லா ஆஸ்பத்திரிகள் மீதும் ஷெல்லும் மோட்டாரும் விழுந்தன, சிலவற்றின் மீது திரும்பத் திரும்ப விழுந்தன என்று பதிவு செய்திருக்கிறது. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் இதைப் பற்றி எங்களுக்குச் சொன்னது கொஞ்சம். அதை இங்கே எழுத அவள் சம்மதிக்கவில்லை, எழுதவில்லை. ஒரு நிறத்துக்கு, ஒரு சிலுவைக்கு என்ன அர்த்தம் என்று உலகம் முழுக்கக் கையெழுத்து வைத்திருக்கிறது. பார்க்கிறவன் அதை மதிக்க வேண்டும் என்பது மட்டும் பெயின்றில் இல்லை.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். "அம்மம்மாட்ட நாங்க ரெண்டாந்தரம் கேட்டம் பார், சாம்பலா இருக்குமோ எண்டு. எங்கட அம்மாக்களிட்டயும் அப்பிடித்தான் கேக்கிறவை." காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் எத்தனை ஆணைக்குழுக்களின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். என்ன வாகனம், என்ன நிறம், எத்தனை மணி, நம்பர் பார்த்தீர்களா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். விபரம் இல்லாமல் உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது என்று வரலாறு படிக்கிற எங்களுக்கும் தெரியும். ஆனால் சாட்சி சொல்வது காகிதத்தோடு பொருந்தவில்லை என்றால் உடனே சாட்சிக்கு வயது போய்விட்டது, குழப்பம், அழுகை என்று எழுதிவிட்டு மூடுவது ஒரு வழி. அவர் கண்டது எது என்று இன்னும் கொஞ்சம் தேடுவது இன்னொரு வழி. ஆவணத்தில் இருந்தது ஒரு கப்பல், அம்மம்மாவின் கண்ணில் இருந்தது இன்னொரு கப்பல். இரண்டும் அந்தக் கடலில் இருந்தன. ஆவணத்தையும் அம்மம்மாவையும் மோதவிட்டிருந்தால் எங்களிடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

சரி, கடைசியில் என்ன கலர் அடித்தோம் என்று கேட்பீர்கள்.

507சீயை அடிப்படையாக வைத்தோம். வெயில் கூடிய கடல்களுக்குப் போன கப்பல்களில் வெளிர் சாம்பல் வழக்கம் என்பது முதல் காரணம். போட்டோவில் எது வெளிச்சம், எது இருட்டு என்பதை மட்டும் எடுத்தோம், நிறத்தை அதனிடம் கேட்கவில்லை. மேலே உள்ள பறப்புத் தளத்துக்குக் கடும் சாம்பல். வெள்ளை கலப்பதா என்ற சண்டைக்கு வாக்கெடுப்பு வைத்தோம், மூன்றுக்கு ஒன்று என்று கலப்பது வென்றது. கல்லடியில் கண்டதால். தோற்றவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அவனுடைய எதிர்ப்பும் எழுத்தில் இருக்கிறது. துருவைக் குறைத்தே வைத்தோம். மொடல் செய்கிறவர்களுக்குத் துரு என்றால் ஆசை, அடிக்கத் தொடங்கினால் நிற்காது.

அதற்குப் பிறகு கப்பலோடு வைக்க ஒரு அட்டை எழுதினோம். மூன்று நிரல். முதலாவது 'தெரிந்தது': கப்பலின் நீளம், திகதி, இடம், இறந்தவர்களின் தொகை, கடற்படையின் சாம்பல்களின் பெயர்கள். இரண்டாவது 'ஊகித்தது': வெளிர் சாம்பல், காரணத்தோடு. மூன்றாவது 'நாங்கள் தேர்ந்தது': எவ்வளவு வெள்ளை கலந்தோம், எந்த டியூப், ஏன். டிபார்ட்மென்ற் கண்காட்சிக்கு வைத்தபோது ஒரு சேர் கப்பலைவிட அட்டையைத்தான் கூட நேரம் பார்த்தார். "அசைன்மென்ற்றிலயும் இப்பிடி மூண்டு நிரல் போடுங்கோவன்" என்றார். பகிடியா உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

எங்களில் ஒருத்தனின் அம்மா, "சண்டைக் கப்பலை எல்லாம் ஏன் மேசையில கொண்டுவந்து வைக்கிறயள், கண்டது காணாதே" என்றா. நியாயமான கேள்வி. கடற்கரைக் குடும்பம் அது, சாம்பல் நிறப் படகு தூரத்தில் தெரிந்தால் வலையைப் போட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பிய காலம் அந்த வீட்டில் இன்னும் கதைக்கப்படுகிறது. வாதாட எங்களிடம் பெரிய பதில் இருக்கவில்லை. இப்போது வன்னிக்காரி வீற்றாவைச் செய்துகொண்டிருக்கிறாள். அதற்குப் பெட்டி கிடையாது, வாங்க முடியாது. அட்டை, ஊதுபத்திக் குச்சி, பல் குத்தும் குச்சி, பழைய பேனாக் குழாய். பெயின்ற் வேலை மட்டும் லேசு. வெள்ளை, எந்தச் சண்டையும் இல்லாத வெள்ளை. ஒன்றரை மீற்றர் பச்சைப் பட்டியை 700-ஆல் பிரித்தால் இரண்டு மில்லிமீற்றரும் சொச்சமும். அதைக் கை நடுங்காமல் சுற்றிவர இழுக்க வேண்டும். அதற்காக மாஸ்கிங் டேப்பைப் பிளேட்டால் கீறி வெட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

அம்மம்மாவிடம் மறுபடி போகப் போகிறோம். இந்த முறை நிறம் கேட்க இல்லை. பத்தைக்குள் இருந்தபோது கூட யார் யார் இருந்தார்கள், கரைக்கு யாராவது நீந்தி வந்தார்களா, அப்பா பிறகு கடலுக்கு எப்ப போனார் என்று கேட்க ஒரு பட்டியல் எழுதியிருக்கிறோம். உங்கட வீட்டிலும் அப்படி யாராவது இருப்பார்கள். 1942 ஆக இருக்கவேண்டும் என்றில்லை. 58, 77, 83, 90, சுனாமி, 2009, எதுவாகவும் இருக்கலாம். போய் இருந்து கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திகதியும் நின்ற இடமும் பக்கத்தில் போடுங்கள். புத்தகத்தோடு பொருந்தவில்லை என்றால் அதை வெட்டாமல் விடுங்கள். பக்கத்தில் இன்னொரு கப்பல் நின்றதா என்று பிறகு தேடலாம்.